கரைப்பான் டேங்கின் வென்ட் குழாய்க்கு எந்த ஃபிளேம் அரெஸ்டர் பொருந்தும்?

மெத்தனால், எத்தனால் டேங்குகளின் வென்ட் குழாய்கள் (ஆவியும் காற்றும் போய்வரும் குழாய்கள்) 4 அங்குலம் என்றால், வெளியிலிருந்து தீ டேங்குக்குள் புகாமல் தடுக்கும் ஃபிளேம் அரெஸ்டரையும் 4 அங்குலத்தில் வாங்கிப் பொருத்தினால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போதாது. தீ எந்தப் பக்கத்திலிருந்து, குழாய்க்குள் எவ்வளவு தூரம் ஓடி வந்து அரெஸ்டரை அடையக்கூடும் என்பதைத் தீர்மானித்த பிறகே அளவைப் பற்றிப் பேச வேண்டும்.

அரெஸ்டரின் உள்ளே நெளித்துச் சுருட்டிய மெல்லிய உலோகப் பட்டை இருக்கும். அதன் குறுகிய இடைவெளிகளுக்குள் நுழையும் சுடரின் வெப்பத்தை உலோகச் சுவர்கள் உறிஞ்சிக்கொள்வதால் சுடர் அணைந்துவிடுகிறது. ஆவி மட்டும் கடந்து செல்கிறது. 1815-இல் ஆங்கிலேய விஞ்ஞானி ஹம்ஃப்ரி டேவி சுரங்க விளக்கைக் கம்பி வலையால் மூடியதும் இதே தத்துவத்தில்தான். ஆனால் மெதுவாக வரும் சுடரை நிறுத்தும் அமைப்பு, அதிவேகமாக வரும் சுடரையும் நிறுத்திவிடும் என்று எண்ணக் கூடாது.

வென்ட் குழாய் நேரே வெளிக்காற்றில் திறந்து, அரெஸ்டர் அதன் நுனியில் அமர்ந்திருந்தால், குழாய் முனை வகை போதும். பல டேங்குகளின் வென்ட்களை ஒரே ஹெடரில் (பொதுக் குழாயில்) சேர்த்து, ஆவியைக் கழுவி நீக்கும் ஸ்கிரப்பருக்கோ எரியூட்டிக்கோ கொண்டுபோனால் நிலைமை வேறு. குழாய்க்குள் ஓடும் சுடர் போகப்போக வேகமெடுக்கும், ஒவ்வொரு எல்போவும் அந்த வேகத்தைக் கூட்டும், ஒரு கட்டத்தில் அது ஒலியின் வேகத்தை விஞ்சும் வெடிப்பாக, அதாவது டெட்டனேஷனாக மாறிவிடும். ஐஎஸ்ஓ 16852 தரநிலையின்படி, குழாய்க்குள் பொருத்தும் டிஃப்ளக்ரேஷன் வகை (ஒலியைவிடக் குறைந்த வேகச் சுடரை நிறுத்தும் வகை) அரெஸ்டருக்கும் தீ மூளக்கூடிய இடத்துக்கும் இடைப்பட்ட தூரம், பெரும்பாலான ஹைட்ரோகார்பன் ஆவிகளுக்குக் குழாய் விட்டத்தின் 50 மடங்கைத் தாண்டக் கூடாது. ஹைட்ரஜன் போன்றவற்றுக்கு 30 மடங்குதான். உங்கள் 4 அங்குலக் குழாயில் 50 மடங்கு என்பது ஏறக்குறைய 5 மீட்டர். ஹெடர் அதைவிட நீளமானால் டெட்டனேஷன் வகை அரெஸ்டரே வேண்டும். விலை அதிகம் என்பதற்காக இதில் சமரசம் செய்யாதீர்கள். ஒரு டேங்கின் தீ அடுத்த டேங்குக்குத் தாவாமல் இருக்க, ஒவ்வொரு டேங்குக்கும் தனித்தனி அரெஸ்டர் இருப்பதும் அவசியம்.

அடுத்தது ஆவியின் தன்மை. சுடர் எவ்வளவு குறுகிய இடைவெளி வரை கடந்து செல்லும் என்பதைச் சோதித்து ஆவிகளை வகைப்படுத்தியிருக்கிறார்கள். மெத்தனாலுக்கு அந்த அளவு 0.92 மி.மீ.; ஆகவே அது ஐஐஏ பிரிவு. எத்தனாலுக்கு 0.89 மி.மீ.; எல்லைக்கோடு 0.90 என்பதால் அது இன்னும் கடுமையான ஐஐபி1 பிரிவுக்குப் போய்விடுகிறது. மெத்தனாலுக்கென ஐஐஏ சான்றிதழோடு வாங்கிய அரெஸ்டரை எத்தனால் டேங்கில் மாட்டக் கூடாது. இரண்டும் ஆல்கஹால்தானே என்ற எண்ணம் இங்கே ஆபத்தானது. டேங்க் சூடாகவோ அழுத்தத்திலோ இயங்கினால், சான்றிதழ் எந்த வரம்பு வரை செல்லும் என்பதையும் பாருங்கள்.

உலோகத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். 2006 ஜனவரி 11 அன்று அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் டேடோனா பீச் நகரக் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்தில், மெத்தனால் டேங்குக்கு மேலிருந்த கூரையை ஊழியர்கள் தீச்சுடர் உமிழும் டார்ச்சால் வெட்டிக்கொண்டிருந்தபோது வென்ட்டிலிருந்து வெளியேறிய ஆவி பற்றியது. அங்கே அரெஸ்டர் இருக்கத்தான் செய்தது. ஆனால் அதன் அலுமினியத் தகடுகளை மெத்தனால் அரித்திருந்தது. 1993-இல் பொருத்திய பிறகு அதை யாரும் ஆய்வு செய்யவும் இல்லை. தீ அதன் வழியே டேங்குக்குள் புகுந்து வெடித்ததில் இருவர் உயிரிழந்தனர், ஒருவர் கடுமையான தீக்காயமடைந்தார். ஆகவே உங்கள் டேங்குகளின் அரெஸ்டரில் எலிமென்ட் (உள்ளே இருக்கும் நெளித்த பட்டை), உறை இரண்டுமே ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் இருக்கட்டும்.

அரெஸ்டர் ஏற்படுத்தும் அழுத்த இழப்பையும், டேங்கை நிரப்பும், காலி செய்யும் பம்புகளின் அதிகபட்ச வேகத்தோடு வைத்துக் கணக்கிடுங்கள். தூசியோ பிசினோ அடைத்திருக்கும்போது டேங்கைக் காலி செய்தால், உள்ளே வெற்றிடம் உருவாகி மெல்லிய தகட்டு டேங்க் நசுங்கிவிடும். கம்பி பிரஷால் தேய்த்துச் சுத்தம் செய்தால் நெளிவுகள் வளைந்து இடைவெளி பெரிதாகிவிடும். சேதமான எலிமென்ட்டை மாற்றுவதே முறை. முதல் ஆண்டில் அடிக்கடி திறந்து பாருங்கள். எவ்வளவு விரைவாக அழுக்கேறுகிறது என்பதை வைத்து அதன் பிறகான இடைவெளியை முடிவு செய்துகொள்ளலாம்.