ஒரு ‘எஸ்’ஸுக்காக

அன்புள்ள ஐயா,

இரண்டு வருடமாக ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பவர்களுக்கு வகுப்பு எடுக்கிறேன். சிறுவர்களும் உண்டு, வேலைக்குப் போகிற பெரியவர்களும் உண்டு. இப்போது ஒரு கல்வி நிலையத்தில் வேலைக்கு விண்ணப்பிக்கிறேன். ‘எனது கற்பித்தல் கொள்கை’ என்று ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்கிறார்கள். எந்த முறையைப் பின்பற்றுகிறேன் என்று எழுதுவது? இலக்கணமும் மொழிபெயர்ப்புமாக நடத்துவது பழைய முறை என்கிறார்கள். பேச்சுப் பயிற்சி வழியாக நடத்தினால் இலக்கணம் நிற்காது என்றும் சொல்கிறார்கள். வகுப்பில் தாய்மொழியே பேசக்கூடாது என்பது சரியா? உச்சரிப்பு பிரிட்டிஷா, அமெரிக்கனா?

என் பலம் என்று ஒன்றைச் சொல்வேன். மாணவர் வாயிலிருந்து ஒரு தவறு வந்தாலும் விடமாட்டேன். அந்த இடத்திலேயே நிறுத்தித் திருத்துவேன். ஆனாலும் ‘ஷி கோஸ்’ என்று சொல்ல வேண்டிய இடத்தில் இன்னும் ‘ஷி கோ’ என்றுதான் சொல்கிறார்கள். அதைவிடக் கவலை, பலர் வகுப்பில் வாயே திறப்பதில்லை. கேள்வி கேட்டால் மேஜையைப் பார்க்கிறார்கள்.

ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் பலத்தையும் உங்கள் கவலையையும் அடுத்தடுத்து எழுதியிருக்கிறீர்கள். நடுவில் ஒரு ‘அதனால்’ போட்டிருந்தால் எனக்குக் கடிதமே எழுத வேண்டியிருந்திருக்காது.

கொஞ்ச நாளாக இதே விஷயம்தான் என் மனதில் ஓடிக்கொண்டிருக்கிறது, அதனால்தான் பதில் எழுதுகிறேன். மற்றக் கேள்விகளைச் சீக்கிரம் முடித்துவிடுவோம்.

உச்சரிப்பு: கேட்பவருக்குச் சிரமமில்லாமல் புரிந்தால் போதும். இதற்கு மேல் அதில் பேச ஒன்றுமில்லை.

எந்த முறை என்பதற்கு ஆங்கிலக் கல்வியாளர் என்.எஸ்.பிரபு 1990இலேயே பதில் சொல்லிவிட்டார். சிறந்த முறை என்று ஒன்று கிடையாது என்பதுதான் அந்தக் கட்டுரையின் தலைப்பே. 1979 முதல் 1984 வரை தென்னிந்தியப் பள்ளிகளில் இலக்கணப் பாடத்தையே எடுத்துவிட்டு, வரைபடம், ரயில் அட்டவணை, கணக்கு என்று பிள்ளைகள் மூளையைப் போட்டுத் தீர்க்க வேண்டிய வேலைகளைக் கொடுத்து ஆங்கிலம் கற்பித்துப் பார்த்தவர் அவர். தன் பெயரில் ஒரு முறையையே விற்றிருக்கலாம். அவரோ, இப்படிச் செய்தால் இவர்களுக்கு மொழி வருகிறது என்று ஆசிரியருக்குள் உயிரோடு ஒரு நம்பிக்கை இருக்க வேண்டும், அது இல்லாமல் கைக்கு வருகிற எந்த முறையும் வெறும் சடங்காகிவிடும் என்றார். உங்கள் ஒரு பக்கத்துக்கு இதுவே போதும். முறைகளின் பெயரை அடுக்காதீர்கள். நேர்காணலில் எதிரே உட்கார்ந்திருப்பவர்களுக்கும் அந்தப் பெயர்கள் தெரியும்.

தாய்மொழி: 1961இல் உகாண்டாவின் மக்கரேரேயில் நடந்த ஒரு மாநாட்டுக்குப் பிறகு, ஆங்கிலத்தை ஆங்கிலத்தில் மட்டுமே கற்பிக்க வேண்டும் என்பது கிட்டத்தட்ட வேதவாக்காகிவிட்டது. 1992இல் மொழியியலாளர் ராபர்ட் பிலிப்சன் அதை ஒரு மூடநம்பிக்கை என்றே பட்டியல் போட்டு உடைத்தார். ஒரு வார்த்தையில் தீர்கிற சந்தேகத்துக்குப் பத்து நிமிடம் கையையும் காலையும் ஆட்டி நடித்துக் காட்டுவது வீண். சொல்லிவிட்டு மேலே போங்கள். அதற்காக முழு வகுப்பையும் தாய்மொழியிலேயே நடத்திவிட்டு என் பேரைச் சொல்லாதீர்கள்.

சரி, இப்போது அந்த ‘எஸ்’ஸுக்கு வருவோம்.

‘ஐ கோ, யூ கோ, ஷி கோஸ்.’ முதல் பாடங்களில் ஒன்றாக இதை வைக்கிறோம். பார்க்க அற்பமான விதி. ஒரே ஒரு எழுத்து. அதனாலேயே, இதுகூட வராதா என்று ஆசிரியருக்குக் கோபம் வருகிறது. ஆனால் அமெரிக்க உளவியலாளர் ரோஜர் பிரவுன் ஆங்கிலத்தையே தாய்மொழியாகப் பேசும் மூன்று குழந்தைகளை வருடக்கணக்கில் பின்தொடர்ந்து 1973இல் எழுதியதைப் பாருங்கள். ‘இங்’ விகுதி சீக்கிரமே வந்துவிடுகிறது. பன்மை ‘எஸ்’ஸும் சீக்கிரம் வருகிறது. வினையில் ஒட்டுகிற இந்த ‘எஸ்’ ரொம்பப் பின்னால்தான் வருகிறது. அடுத்த வருடமே ஹெய்டி டுலே, மரினா பர்ட் இருவரும் ஸ்பானிஷ் பேசும் குழந்தைகளையும் சீனம் பேசும் குழந்தைகளையும் வைத்துப் பார்த்தார்கள். ஆங்கிலத்தை இரண்டாவதாகக் கற்கிற அந்தக் குழந்தைகள் இரண்டு கூட்டமும் ஏறக்குறைய ஒரே வரிசையில்தான் கற்றார்கள். அங்கேயும் இந்த ‘எஸ்’ பின்வரிசைதான். தாய்மொழியைப் பொறுத்து வரிசை கொஞ்சம் மாறும் என்று பின்னால் வந்தவர்கள் காட்டியிருக்கிறார்கள், உண்மைதான். ஆனால் இந்த ‘எஸ்’ முந்திக்கொண்டு வந்ததாக எந்த வகுப்பிலும் நான் பார்த்ததில்லை.

ஏன் என்று யோசித்துப் பாருங்கள். ‘ஷி’ என்று சொன்னபோதே யார் என்பது தெரிந்துவிட்டது. அதற்கு மேல் ‘எஸ்’ புதிதாக எந்தச் செய்தியையும் தருவதில்லை. பேச்சில் அழுத்தமும் கிடையாது, காதில் விழுவதே அபூர்வம். ஒலியும் நிலையாக இல்லை: ஒரு இடத்தில் ‘ஸ்’, ஒரு இடத்தில் ‘ஸ்’ஸை அதிர்த்துச் சொல்ல வேண்டும், இன்னொரு இடத்தில் ‘இஸ்’. போதாக்குறைக்கு, பெயர்ச்சொல்லில் ‘எஸ்’ வந்தால் பல, வினைச்சொல்லில் ‘எஸ்’ வந்தால் ஒருவர். கற்பவருக்கு இது எவ்வளவு பெரிய சதியாகத் தெரியும்! தமிழில் வருகிறேன், வருகிறாள், வருகிறார்கள் என்று ஆளுக்கு ஆள் வினைமுடிவு மாறுகிறது. பிறந்ததிலிருந்து அதைத் தடுமாறாமல் செய்கிறவர்களுக்கே ஆங்கிலத்தில் இந்த ஒற்றை விகுதி நழுவுகிறது. விதி தெரியாமலா நழுவுகிறது? தாளில் எழுதிக் கேட்டால் உங்கள் மாணவர்கள் சரியாகவே போடுவார்கள். பேசும்போது, என்ன சொல்வது என்று தேடி, சொல்லைத் தேடி, வரிசையைப் பார்த்து, இத்தனைக்கும் நடுவில் ‘எஸ்’ஸுக்கு இடம் கிடைப்பதில்லை. அந்த நேரத்தில் நீங்கள் குறுக்கே புகுந்து ‘கோஸ்!’ என்கிறீர்கள். விதை முளைத்ததா என்று தோண்டித் தோண்டிப் பார்க்கிற கதைதான்.

முன்பு பெரியவர்களுக்கு மாலை வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். நாலைந்து தாய்மொழிக்காரர்கள் கலந்த வகுப்பு. ஒரு அம்மா எப்போதும் கடைசி வரிசை. எழுதச் சொன்னால் எழுதுவார், பேச மாட்டார். ஒருநாள் மற்றவர்கள் வருவதற்கு முன்னால் வந்து என் மேஜை அருகே நின்றார். ‘வாட்டர் கம்’ என்றார். நான் பேசாமல் இருந்தேன். ‘நைட் கம். பக்கெட் ஃபுல்.’ கையால் கூரையைக் காட்டினார். ‘ஹவுஸ் மேன், ஹி நாட் கம்.’ வீட்டை வாடகைக்கு விட்ட வீட்டுக்காரரைச் சொல்கிறார் என்று புரிந்தது. வருவதாகச் சொன்னாரா என்று கேட்டேன். அவர் முகம் மாறியது. சற்று நேரம் என்னைப் பார்த்துவிட்டு, ‘எவ்ரி டே ஹி சே டுமாரோ’ என்றார்.

இந்த வாக்கியத்தை எத்தனையோ பயிற்சி வகுப்புகளில் கரும்பலகையில் எழுதிப் போட்டிருக்கிறேன். ஆசிரியர்கள் சொல்லிவைத்தாற்போல் ஒரே குரலில் ‘சேஸ்’ என்பார்கள். எழுத்தாளன் என்ற முறையில் சொல்கிறேன், அந்த வாக்கியத்தில் கை வைக்க எனக்கு மனம் வராது. தினமும் நாளை என்கிறான். கோபம், களைப்பு, கொஞ்சம் கேலி, எல்லாம் ஐந்து சொல்லில் வந்துவிட்டது. அந்த அம்மாவிடம் அன்று நான் கேட்டது, அப்புறம் நீங்கள் என்ன செய்தீர்கள் என்று. அவர் யோசித்தார். எனக்கே சங்கடமாக இருக்கிற அளவுக்கு நேரம் போயிற்று. பிறகு, ‘ஐ புட் பக்கெட். ஹிஸ் டோர்’ என்றார். நிரம்பிய வாளியைக் கொண்டுபோய் வீட்டுக்காரர் வாசலில் வைத்துவிட்டு வந்திருக்கிறார்! அதற்குள் உள்ளே வந்திருந்த இரண்டு பேர் சிரித்தார்கள், அவரும் சிரித்தார், முழுக் கதையையும் அவர்களுக்கு இன்னொரு முறை சொன்னார். இரண்டாவது முறை ‘புட் பக்கெட் இன் ஹிஸ் டோர்’ என்று ஒரு சொல் கூடியிருந்தது. ‘இன்’ தவறுதான். ஆனால் ஒரு நிமிடம் முன்பு அங்கே எதுவுமே இல்லை.

வீட்டுக்காரருக்கு ஒரு கடிதம் எழுதலாம் என்று அன்றைய பாடத்தை ஒதுக்கிவிட்டு எல்லோருமாக உட்கார்ந்தோம். அப்போது அந்த அம்மாவே பென்சிலை நிறுத்திவிட்டு என்னிடம் கேட்டார்: ‘சே? சேஸ்?’ கடிதம் போய்ச் சேரும் இடத்தில் தன்னை யாரும் இளக்காரமாகப் பார்க்கக்கூடாது என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. அங்கே சொன்னேன். விதியோடு, பலகையில் எழுதி, வேறு வாக்கியங்களும் கொடுத்து, ஒளிவுமறைவில்லாமல் இலக்கணமே நடத்தினேன். ஆகவே இந்த ஆள் இலக்கணமே வேண்டாம் என்கிறான் என்று நண்பர்களிடம் போய்ச் சொல்லாதீர்கள். திருத்தவே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒருவர் உங்களிடம் ஒன்றைச் சொல்லிக்கொண்டிருக்கும்போது அவர் வாயை மூடாதீர்கள் என்கிறேன்.

1967இல் மொழியியலாளர் பிட் கார்டர் இதற்கு ஒரு நல்ல பிரிவினை செய்து வைத்தார். விதி தெரிந்திருந்தும் நாக்கு தடுக்கி வருகிற பிழை ஒன்று, கற்பவர் மனதில் இருக்கிற இலக்கணமே இன்னும் அப்படித்தான் இருக்கிறது என்று காட்டுகிற பிழை இன்னொன்று. இரண்டாவது வகை, அவர் எதுவரை வந்திருக்கிறார் என்று ஆசிரியருக்குத் தெரிவிக்கிறது. நீங்கள் அதைப் பாய்ந்து அழித்துவிடுகிறீர்கள், படிப்பதே இல்லை. மடியில் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொள்ளுங்கள். கேட்கிற தவறுகளை அதில் எழுதுங்கள். வகுப்பு முடிகிற நேரத்தில் இரண்டே இரண்டை எடுத்து, யார் சொன்னது என்று சொல்லாமல் பலகையில் போட்டு, அவர்களையே சரிசெய்ய விடுங்கள்.

மாணவர் சொன்னதையே சரியாக மாற்றித் திருப்பிச் சொல்லிவிட்டால் அவர் மனம் நோகாதே என்று கேட்பீர்கள். நயமான வழிதான். ஆனால் ராய் லிஸ்டர், லீலா ராண்டா இருவரும் கனடாவில் பிரெஞ்சு வழியில் படிக்கும் பிள்ளைகளின் வகுப்புகளைப் பதிவுசெய்து 1997இல் எழுதினார்கள். ஆசிரியர்கள் செய்த திருத்தங்களில் பாதிக்கு மேல் இதுதான். பிள்ளைகள் கண்டுகொண்டது மற்ற எல்லா விதங்களையும்விடக் குறைவு. ஆசிரியர் ஆமோதிக்கிறார் என்று நினைத்துக்கொண்டு அடுத்த வாக்கியத்துக்குப் போய்விடுகிறார்கள். பிள்ளைகளே யோசித்துச் சொல்லும்படி கேட்டபோதுதான் பலன் இருந்தது. இதை மாணவர் பேசி முடித்த பிறகு செய்யுங்கள். அவ்வளவுதான் நான் கேட்பது.

வாய் திறக்காதவர்களைப் பற்றி இன்னொன்று. கேள்வி கேட்டுவிட்டு எவ்வளவு நேரம் காத்திருக்கிறீர்கள்? 1970களில் மேரி பட் ரோ என்பவர் அமெரிக்காவில் அறிவியல் வகுப்புகளைப் பதிவுசெய்து அளந்து பார்த்தார். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் காத்திருந்தார்கள். அதற்குள் வேறு மாணவரைக் கூப்பிட்டார்கள், அல்லது தாங்களே பதிலைச் சொன்னார்கள். அந்த ஒரு நொடியை மூன்று நொடியாக்கியபோது பதில்கள் நீண்டன, பதிலே சொல்லாதவர்கள் குறைந்தார்கள், பின்தங்கியவர்கள் என்று முத்திரை குத்தப்பட்டவர்களும் பேசினார்கள். அவர்கள் தாய்மொழியில் படித்த பிள்ளைகள், ஆர். உங்கள் மாணவர் கேள்வியைத் தன் மொழிக்குக் கொண்டுபோய், பதிலை அங்கே தயாரித்து, திரும்ப ஆங்கிலத்துக்குக் கொண்டுவர வேண்டும். அவர் மேஜையைப் பார்ப்பது அந்த வேலைக்காகவும் இருக்கலாம். தலை நிமிரும்போது நீங்கள் அடுத்த ஆளிடம் போய்விட்டீர்கள். நாலைந்து முறை இப்படி நடந்தால் யாருக்கும் நிமிரத் தோன்றாது. மௌனத்தைத் தாங்குவது பேசுவதைவிடக் கஷ்டம், ஆசிரியத் தொழிலில் இருப்பவர்களுக்கு ரொம்பவே கஷ்டம். நாக்கைக் கடித்துக்கொண்டு இருங்கள், வேறு வழியில்லை.

கொஞ்சம் கடுமையாக எழுதிவிட்டேன். இரண்டு வருடத்தில் தன் மாணவர்கள் எங்கே பார்க்கிறார்கள் என்று கவனித்து எழுதுகிறவரிடம்தான் இவ்வளவும் சொல்லத் தோன்றுகிறது. பதினைந்து வருட அனுபவக்காரர்கள் பலர் அதைக்கூடப் பார்ப்பதில்லை.

அந்த ஒரு பக்கம் எழுதுவதற்கு முன் ஒன்று செய்யுங்கள். நாளைய வகுப்பில் செல்பேசியைப் பதிவில் போட்டு மேஜையில் வையுங்கள், அவர்களிடம் சொல்லிவிட்டு. பத்து நிமிடப் பேச்சை வீட்டில் உட்கார்ந்து அப்படியே எழுதுங்கள், யார் யாரை இடைமறித்தார்கள், எங்கே எவ்வளவு நேரம் அமைதி என்பதோடு. கை வலிக்கும். எழுதி முடித்தபின் கொள்கைப் பக்கத்தை எழுத உட்காருங்கள். இரண்டையும் எனக்கு அனுப்புங்கள், முதலில் அந்தப் பத்து நிமிடத்தைத்தான் படிப்பேன். வேலை கிடைத்ததா என்றும் ஒரு வரி எழுதுங்கள்.