பேக்கப் டிஸ்க்கை எப்போதும் செருகியே வைத்திருக்கலாமா?

கேள்வி: மன்னார்குடியில் ஃபோட்டோ ஸ்டுடியோ நடத்துகிறேன். திருமணப் படங்களைப் பாதுகாக்க, எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் ஒன்றை யுஎஸ்பியில் செருகியே வைத்து, இரவுதோறும் தானாக பேக்கப் எடுக்கும்படி மென்பொருளை அமைத்திருக்கிறேன். ஒரு நாள் டிஸ்க்கைக் கழற்றியிருந்தபோது வாடிக்கையாளரின் பென் டிரைவைச் செருகினேன். அதன் பிறகு, சேமிக்கும் இடத்தைக் காணவில்லை என்று மென்பொருள் நின்றுவிடுகிறது. டிஸ்க் பழுதாகிவிட்டதா? இன்னொரு டிஸ்க் வாங்கி இரண்டையும் மாறி மாறிப் பயன்படுத்தலாமா?
– வாசகர், மன்னார்குடி

பதில்: டிஸ்க் பழுதாகியிருக்க வாய்ப்பு குறைவு. புதிதாகச் செருகப்படும் டிரைவுக்கு, அதை அடையாளம் காண, அந்த நேரத்தில் காலியாக இருக்கும் ஓர் ஆங்கில எழுத்தை விண்டோஸ் கொடுக்கிறது. உங்கள் டிஸ்க் இல்லாத வேளையில் வந்த பென் டிரைவ் அதன் 'இ' என்ற எழுத்தை எடுத்துக்கொள்ள, பிறகு வந்த டிஸ்க்குக்கு 'எஃப்' கிடைத்திருக்கும். மென்பொருளோ இன்னமும் 'இ'யையே தேடுகிறது. விண்டோஸிலேயே உள்ள டிஸ்க் மேனேஜ்மென்ட் என்ற கருவியைத் திறந்து, பென் டிரைவுகள் எட்டாத 'ஒய்' போன்ற எழுத்தை அதற்கு ஒதுக்கி, பேக்கப் அமைப்பிலும் அதையே குறிப்பிடுங்கள்.

இரண்டாவது டிஸ்க்கை அவசியம் வாங்குங்கள். ஆனால் அதற்கு 'இசட்' என்று வேறு எழுத்து கொடுத்து, மென்பொருளில் தனிப் பணியாகவே அமைக்க வேண்டும். காரணம் இருக்கிறது. இன்க்ரிமென்டல் முறையில் முதல் நாள் முழு பேக்கப்பும், மறுநாளிலிருந்து முந்தைய பேக்கப்புக்குப் பின் மாறியவை மட்டுமே தனிக் கோப்புகளாகவும் சேமிக்கப்படுகின்றன. ஒரே பணியை இரு டிஸ்க்குகளுக்கும் பொதுவாக வைத்தால், திங்கட்கிழமை முழு பேக்கப் ஒரு டிஸ்க்கிலும் செவ்வாய்க்கிழமை மாற்றங்கள் மற்றதிலும் போய்விடக்கூடும்; பிறகு ஒன்று கெட்டாலும் மற்றதை மட்டும் வைத்துப் படங்களை முழுமையாக மீட்க முடியாது. ஒவ்வொரு டிஸ்க்கிலும் அதற்கென ஒரு முழு பேக்கப்பும், அதைத் தொடரும் மாற்றங்களும் இருந்தாக வேண்டும்.

புதிய டிஸ்க், கோப்புகளை அடுக்கும் பழைய முறையான ஃபேட்32-இல் ஃபார்மட் செய்யப்பட்டிருந்தால், 4 ஜிபியைத் தாண்டும் கோப்பை அது ஏற்காது. காலியாக இருக்கும்போதே, அந்த வரம்பு இல்லாத என்டிஎஃப்எஸ் முறைக்கு மாற்றிவிடுங்கள். முழு பேக்கப் எடுக்கும்போது யுஎஸ்பி 3 போர்ட்டில் செருகுங்கள். 400 ஜிபி படங்களுக்கு, பழைய யுஎஸ்பி 2 போர்ட்டில் ஏறக்குறைய நான்கு மணி நேரம் ஆகும்.

நான் உங்களை வற்புறுத்திக் கேட்டுக்கொள்வது, டிஸ்க்கை எப்போதும் செருகியே வைக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள் என்பதைத்தான். கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ் நுழைந்தால், செருகியிருக்கும் டிஸ்க்கில் உள்ள பேக்கப்பையும் சேர்த்தே பூட்டிவிடும். பேக்கப் முடிந்ததும் முறைப்படி எஜெக்ட் செய்து, டிஸ்க்கில் உள்ள விளக்கு அணைந்த பின் கழற்றுங்கள். ஒரு டிஸ்க் ஸ்டுடியோவில் இருக்கும்போது மற்றது வீட்டில், முடிந்தால் தஞ்சாவூரிலோ திருச்சியிலோ உள்ள உறவினரிடம் இருக்கட்டும். 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கஜா புயல் கரையைக் கடந்தபோது, நம் பகுதியில் கூரை பெயர்ந்து மழை உள்ளே கொட்டிய கட்டடங்களில் மேசைமேல் இருந்த எதுவும் தப்பவில்லை.

எழுத்தைச் சரிசெய்த அன்றே, ஏதாவது ஒரு திருமணத்தின் ஃபோல்டரை மட்டும் பேக்கப்பிலிருந்து வேறோர் இடத்துக்கு மீட்டு, சில படங்களை முழு அளவில் திறந்து பாருங்கள். அதோடு, விண்டோஸ் திறக்காமல் போனாலும் கணினியை இயக்க உதவும் மீட்புப் பென் டிரைவையும் பேக்கப் மென்பொருளைக் கொண்டு இப்போதே தயாரித்து, அதைக் கொண்டு கணினி இயங்குகிறதா என்று ஒருமுறை சோதித்துவிடுங்கள்.