வேர் அழுகிய தொட்டிக் கறிவேப்பிலை பிழைக்குமா?

கேள்வி: மூன்றாவது மாடி பால்கனியில் 14 அங்குலத் தொட்டியில் கறிவேப்பிலை வளர்க்கிறேன். நர்சரியில் வாங்கியது, மூன்றடி உயரம் இருக்கும். நவம்பர் மழைக்குப் பிறகு இலைகள் மஞ்சளாகிக் கொட்டத் தொடங்கின. செடி வாடித் தெரிந்ததால் காலையும் மாலையும் தண்ணீர் விட்டேன். புளித்த மோர் ஊற்றினேன், ஒரு கைப்பிடி டி.ஏ.பி. உரமும் போட்டேன். இன்னும் மோசமாகிவிட்டது. தொட்டியிலிருந்து எடுத்துப் பார்த்தால் பாதி வேர் கறுத்து நாற்றம் அடிக்கிறது. காப்பாற்ற முடியுமா, தூக்கிப் போட்டுவிடலாமா?
– வாசகி, அம்பத்தூர்

பதில்: தூக்கிப் போட வேண்டாம். முதலில் தண்டின் அடிப்பகுதியில் நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். தோலுக்கு அடியில் பச்சை தெரிந்தால் செடிக்கு உயிர் இருக்கிறது. மேல் கிளைகள் காய்ந்திருந்தாலும் பரவாயில்லை, அடித்தண்டு பச்சையாக இருந்தால் போதும். பாதி வேர்தான் கறுத்திருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கறிவேப்பிலைக்கு அது மீள முடியாத சேதம் இல்லை.

ஈர மண்ணில் நின்றுகொண்டே செடி வாடினால், வேருக்குக் காற்று போதவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். மண்ணின் இடுக்குகளில் தண்ணீர் தேங்கியதும் வேர் மூச்சுவிட முடியாமல் சாகிறது, செத்த வேரில் அழுகல் பூசணம் ஏறுகிறது. வேர் இல்லாததால் தண்ணீர் மேலே போகவில்லை, அதனால் இலை வாடுகிறது. வாடுகிறதே என்று நாம் இன்னும் தண்ணீர் ஊற்றுகிறோம். வீட்டுத் தொட்டிச் செடிகள் பல இப்படித்தான் போகின்றன. வாடிய செடியைப் பார்த்ததும் கை தண்ணீர்க் குவளைக்குப் போவது இயல்பு. ஆனால் அதற்கு முன் விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்க்க வேண்டும்.

சரி, இப்போது செய்ய வேண்டியது. வேரைச் சுற்றியுள்ள பழைய மண்ணை முழுவதும் கழுவி எடுங்கள். நடுவில் நர்சரியில் கட்டிக் கொடுத்த களிமண் உருண்டை அப்படியே இருக்கும், பாருங்கள். பிரச்சினையின் பாதி அங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன். வண்டியில் ஏற்றும்போது உடையாமல் இருக்க ஒட்டும் மண்ணில் கட்டுகிறார்கள். நாம் அதைச் சுற்றி என்னதான் நல்ல கலவை போட்டாலும், அந்த உருண்டை மழையில் ஊறினால் எளிதில் காயாது. வாளித் தண்ணீரில் ஊறவைத்து, வேர் அறுந்துவிடாமல் மெதுவாகக் கரைத்துவிடுங்கள். போட்ட டி.ஏ.பி.யும் அதோடு போய்விடும். குண்டு குண்டாக வெள்ளைப் புழுவோ, வேரில் முடிச்சு முடிச்சாக வீக்கமோ இருக்கிறதா என்றும் அப்போதே கவனியுங்கள். இருந்தால் மீண்டும் எழுதுங்கள், அதற்கு வைத்தியம் வேறு.

கழுவிய வேரை விரலால் இழுத்துப் பாருங்கள். நல்ல வேர் கெட்டியாக இருக்கும், நுனி வெளுப்பாக இருக்கும். அழுகிய வேரின் தோல் உறைபோலக் கழன்று, உள்ளே நூல் மட்டும் மிஞ்சும். அதையெல்லாம் நல்ல திசு தெரியும் வரை வெட்டிவிடுங்கள். வெட்டுவதற்கு முன்னும் பின்னும் கத்தரியை ஸ்பிரிட்டால் துடைத்துக்கொள்ளுங்கள். வேரில் பாதி போனால் மேலேயும் பாதி போக வேண்டும். மனசு வராது, தெரியும். ஆனால் இருக்கிற கொஞ்சம் வேரால் மூன்றடிச் செடிக்குத் தண்ணீர் ஏற்ற முடியாது. ஒன்றரை அடி உயரத்தில், பச்சை உள்ள இடமாகப் பார்த்து வெட்டுங்கள். அதற்குக் கீழே புதுக் கிளை வெடிக்கும்.

அப்புறம், அழுகல் பூசணத்தை அடக்கும் நல்ல பாக்டீரியாவான சூடோமோனாஸை லிட்டருக்கு 10 கிராம் கலந்த தண்ணீரில் வேரை அரை மணி நேரம் நனைத்து வையுங்கள். வேளாண் இடுபொருள் கடைகளில் பொடியாகக் கிடைக்கும், காலாவதித் தேதி பார்த்து வாங்குங்கள். கூடவே ரசாயனப் பூசணக்கொல்லி எதையும் சேர்க்க வேண்டாம். தாமிரம் கலந்த மருந்துகள் அந்த நல்ல பாக்டீரியாவையும் கொன்றுவிடும். அதைவிட முக்கியம், இது நாளைக்கு ரசத்தில் போடப்போகிற இலை. ஊடுருவிப் பாயும் மருந்தைக் கறிவேப்பிலைக்கு நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன்.

பழைய 14 அங்குலத் தொட்டியில் திரும்ப வைக்காதீர்கள். இப்போதுள்ள வேருக்கு 8 அங்குலம் போதும். வேர் எட்டாத மண்ணில் நிற்கும் ஈரம் மறுபடியும் அழுகலைத்தான் கொண்டுவரும். செம்மண் 2 பங்கு, மணல் 1 பங்கு, கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) 1 பங்கு, நன்றாக மக்கிய தொழு உரம் அரைப் பங்கு. கோகோபீட் கட்டியை ஊறவைத்து இரண்டு மூன்று முறை பிழிந்து கழுவிய பிறகே சேருங்கள், அதில் உப்பு இருக்கும். துளையை மறைக்க ஒரு ஓட்டுச்சில்லு போதும். அடியில் ஜல்லி பரப்பினால் தண்ணீர் வடியும் என்று பலரும் சொல்கிறார்கள். உண்மையில் ஜல்லிக்கு மேலுள்ள மண் முழுவதும் நனைந்த பிறகுதான் தண்ணீர் கீழே இறங்கும், ஈரம் வேருக்கு இன்னும் பக்கத்தில் வந்து நிற்கும். கீழே வைக்கும் தட்டை எடுத்துவிடுங்கள். தொட்டியை டைல்ஸ் தரையில் அப்படியே வைத்தால் துளை அடைபடும், இரண்டு செங்கல் துண்டின் மேல் ஏற்றி வையுங்கள்.

நட்டதும் ஒரு முறை நன்றாகத் தண்ணீர் விட்டு, நேர் வெயில் படாத வெளிச்சமான இடத்தில் இரண்டு மூன்று வாரம் வைத்திருங்கள். அடுத்த தண்ணீர், விரலின் இரண்டாவது கணு ஆழம் வரை மண் காய்ந்த பிறகுதான். தொட்டியைத் தூக்கிப் பார்த்துப் பழகினால் கனத்தை வைத்தே சொல்லிவிடலாம்.

மோர், டி.ஏ.பி., பஞ்சகவ்யம் எதுவும் இப்போது கூடாது. புளித்த மோர் நல்ல வேருள்ள கறிவேப்பிலைக்குக் காலம் காலமாக ஊற்றுவதுதான், அதில் குறை சொல்லவில்லை. புண்ணான வேருக்கு உரத்தின் உப்பு தாங்காது, மோரில் உள்ள சத்து அழுகலுக்குத்தான் தீனியாகும். புதுக்கொழுந்து வந்து அந்த இலைகள் முற்றிய பிறகு, 3 சதவீதப் பஞ்சகவ்யம், அதாவது லிட்டருக்கு 30 மில்லி, தெளிப்பில் தொடங்கலாம்.

மார்கழிக் குளிரில் கறிவேப்பிலை இயல்பாகவே மந்தமாகத்தான் இருக்கும். ஒரு மாதம் அசைவே இல்லாமல் நின்றாலும் பிடுங்கிப் பார்க்காதீர்கள், புது வேர் நுனிகள் ஒடிந்துவிடும். வாரம் ஒருமுறை தண்டைச் சுரண்டிப் பார்த்தால் போதும். வெயில் ஏறும்போது கணுக்களில் துளிர் தெரியும். முதல் கொழுந்துகளைப் பறிக்காமல் விடுங்கள், வேர் வளர அந்த இலைதான் சாப்பாடு போட வேண்டும்.

ஒருவேளை தண்டு முழுவதும் காய்ந்துபோனாலும் தொட்டியை உடனே காலி செய்ய வேண்டாம். கறிவேப்பிலை வேரிலிருந்தே பக்கக்கன்று விடும் செடி. தரைமட்டமாக வெட்டிவிட்டு, மண்ணை லேசான ஈரத்தில் வைத்து, சித்திரை வரை பொறுத்துப் பாருங்கள்.