குதிரையும் சைக்கிளும் ஒண்ணா கிளம்பலாமா?

கேள்வி: அக்கா வணக்கம். எலஹங்கா பக்கத்துல இருக்கிற தமிழ்க் குடும்பங்கள் சேர்ந்து ஒரு கிளப் நடத்துறோம். பெங்களூருக்கு கேன்சர் வைத்தியத்துக்கு வந்து தங்குற குடும்பங்களுக்காக ஒரு சேரிட்டி ரைடு வைக்கலாம்னு இருக்கோம். சைக்கிள்ல நாப்பது பேர், ரைடிங் ஸ்கூல்ல குதிரை கத்துக்கிறவங்க எட்டு பேர். எல்லாரும் ஒரே நேரத்துல கிளம்பி ஹெசரகட்டா போய் வர்றதா பிளான். போட்டோவுக்கும் நல்லாருக்கும்ங்கிறாங்க. சரியா வருமா?
வாசகர், எலஹங்கா

பதில்: தம்பி, கிருஷ்ணகிரி தருமபுரியிலேந்தெல்லாம் கிட்வாய் கேன்சர் ஆஸ்பத்திரிக்கு வந்துட்டு ராத்திரி எங்க படுக்கிறதுன்னு தெரியாம நிக்கிற குடும்பங்கள நான் பாத்திருக்கேன், அவங்களுக்காகன்னு நீங்க எழுதினதும் மனசு நெறஞ்சு போச்சு. ரைடு கண்டிப்பா வைங்க. ஒரே நேரத்துல கிளம்புறத மட்டும் விட்டுடுங்க.

குதிரைக்கு கண்ணு தலையோட ரெண்டு பக்கமும் இருக்கிறதால சுத்தி கிட்டத்தட்ட எல்லாமே தெரியும், ஆனா வாலுக்கு நேர் பின்னாடியும் நெத்திக்கு நேர் முன்னாடி கொஞ்ச தூரமும் தெரியாது. வேட்டையாடுற மிருகங்களுக்கு பயந்து ஓடியே பொழைச்ச ஜாதி அது, பின்னாடி திடீர்னு எது வந்தாலும் முதல்ல உதைக்கும் இல்ல தெறிச்சு ஓடும், யோசிக்கிறதெல்லாம் அப்புறம்தான். லாரி வந்தா சத்தத்துலயே தெரிஞ்சுடும், சைக்கிள் சத்தமே இல்லாம வரும், அதான் ஆபத்து. மேல உக்காந்திருக்கிறது கத்துக்குட்டி ஆளுங்க வேற. நாப்பது சைக்கிள் கூட்டமா உரசிட்டுப் போனா அந்த எட்டு குதிரையில ஒண்ணாவது மிரளும்னு வச்சுக்கோங்க.

வேகமும் ஒத்து வராது. குதிரை நடந்தா மணிக்கு 6, 7 கிலோமீட்டர், டிராட்ல, அதாவது துள்ளு நடையில போனா 13 சொச்சம், உங்க சைக்கிள்காரங்க சாதாரணமா 20ல போவாங்க. அதனால குதிரைங்க வெயில் ஏறுறதுக்கு முன்னாடி ஆறு மணிக்கே மண் ரோட்டுல ஒரு 8, 10 கிலோமீட்டர் போய்ட்டு வரட்டும், சைக்கிள்காரங்க வேற ரூட்ல தார் ரோட்டுல 40 வேணா போகட்டும், கடைசியில ஒரு மைதானத்துல எல்லாரும் சேர்ந்து டிஃபன் சாப்பிடுங்க, போட்டோவும் அங்க எடுத்துக்கலாம். எங்கயாவது ரெண்டு ரூட்டும் சேர்ந்தே ஆகணும்னா, பெல் அடிக்காம தூரத்துலேந்தே வாயால "பின்னாடி சைக்கிள் வருது"ன்னு குரல் குடுக்கணும், குதிரை மேல இருக்கிறவர் கை காட்டினப்புறம் ஒருத்தர் பின்னாடி ஒருத்தரா மெதுவா, ரெண்டு மீட்டராவது தள்ளிப் போகணும். இங்கிலாந்து ரோடு விதியிலயே இந்த ரெண்டு மீட்டர் கணக்கு இருக்கு.

குதிரைக்கு தார் ரோடு வேணாம்னு நான் சொல்றதுக்குக் காரணம் லாடம் அதுல வழுக்கும், கெட்டித் தரையில ஓடினா காலெல்லாம் அதிரும். ஏறுறவங்க வெயிட்ட சேணத்தோட சேத்து பாருங்க, குதிரை வெயிட்ல அஞ்சுல ஒரு பங்கு தாண்டக்கூடாது, அதாவது 400 கிலோ குதிரைன்னா 80 கிலோ. ஒரு கால்நடை டாக்டர் அங்கயே இருக்கணும். சும்மா நிக்கிற குதிரைக்கு நாடி நிமிஷத்துக்கு 30, 40தான் இருக்கும், நீண்ட தூர குதிரைப் போட்டிகள்ல ஒவ்வொரு சுத்துக்கு அப்புறமும் அது 64க்கோ அதுக்கு கீழயோ எறங்கினாதான் அடுத்த சுத்துக்கே விடுவாங்க. டாக்டர் போதும்னு சொன்னா போதும், ஸ்பான்சர் காத்திட்டு இருந்தாலும் சரி. அது வாயில்லா ஜீவன், நம்ம தர்மத்துக்காக அதுக்கு வலிக்கக்கூடாது.

இன்னொண்ணு, ஹெசரகட்டா புல்வெளிய பாதுகாப்பு பகுதியாக்க 2024ல கர்நாடக அரசு ஒப்புதல் குடுத்திருக்கு. தரையில முட்டையிடுற பறவைங்க இருக்கிற எடம். வனத்துறைகிட்ட கேக்காம புல்லுக்குள்ள எறங்காதீங்க, போலீஸ் அனுமதியும் முன்கூட்டியே வாங்கிடுங்க. அப்புறம் குதிரைய பாத்துக்கிற சைஸ் அண்ணன்மாரு ராத்திரி மூணு மணிக்கே எழுந்திருப்பாங்க, அவங்களுக்கு அன்னைய கூலியும் சாப்பாடும் உங்க பட்ஜெட்ல முதல் வரியா வரட்டும்.

கேள்வி: இந்த மாதிரி ரைடுக்கு என்ட்ரி ஃபீஸ் கட்டினா வருமான வரியில கழிக்கலாமா?
வாசகி, அல்சூர்

பதில்: என்ட்ரி ஃபீஸ் வேற, நன்கொடை வேறம்மா. டீஷர்ட்டும் டிஃபனும் வாங்கிக்கிட்டு கட்டுற காசு நன்கொடை ஆகாது. நன்கொடைக்கு வரிக் கழிவு கிடைக்கிற 80ஜி பதிவு இருக்கிற டிரஸ்டுக்கு நேரா குடுத்தாதான் கழிவு, அதுவும் பழைய வரி முறையில இருக்கிறவங்களுக்கு மட்டும், ரொக்கமா 2000 ரூபாய்க்கு மேல குடுத்தா கெடையாது. அந்த டிரஸ்ட்கிட்ட நன்கொடைக்கான 10பிஇ சர்டிஃபிகேட்ட கேட்டு வாங்கிக்கோங்க. கிளப்புக்கு 80ஜி இல்லன்னா பணம் கிளப் கணக்குக்கே வர வேணாம், டிரஸ்ட் கணக்குக்கே போகட்டும், சண்டையும் வராது.

கேள்வி: என் பொண்ணுக்கு ஒன்பது வயசு, இந்த ரைடுல குதிரை மேல ஏறணும்ங்கிறா. சைக்கிள் ஹெல்மெட் போதுமா?
வாசகி, ஜாலஹள்ளி

பதில்: போதாது. சைக்கிள் ஹெல்மெட்டும் குதிரை ஹெல்மெட்டும் வேற வேற மாதிரி விழுறதுக்கு செஞ்சது, ரைடிங் ஸ்கூல்லயே கேட்டு வாங்கிக்கோங்க. செருப்பு, ஸ்போர்ட்ஸ் ஷூ வேணாம், கொஞ்சம் குதிகால் இருக்கிற ஷூ போடணும், இல்லன்னா கால் வைக்கிற வளையம் இருக்கே, அந்த அங்கவடிக்குள்ள கால் நழுவி மாட்டிக்கும். முதல் தடவைன்னா சைஸ் அண்ணன் கயித்தப் புடிச்சு நடத்திட்டுப் போகட்டும், மைதானத்துல ஒரு சுத்து போதும் அவளுக்கு.