பெட்டி கட்டும் கேமில் திகில் இருந்தால் பிள்ளைக்கு வாங்கித் தரலாமா?

கேள்வி: சுங்கை சிப்புட் பக்கம் தோட்டத்து வீட்டில் இருக்கிறோம். வருகிற பள்ளி விடுமுறையில் டவுன் தாமானுக்கு (குடியிருப்புப் பகுதிக்கு) வீடு மாறுகிறோம். பத்து வயது மகளுக்கு ‘அன்பேக்கிங்’ கேம் என்றால் உயிர். இப்போது வீட்டுச் சாமான்களைப் பெட்டியில் அடுக்குகிற வேறொரு கேமை, கம்ப்யூட்டர் கேம் விற்கும் ஆன்லைன் கடையான ஸ்டீமில் பார்த்துவிட்டுக் கேட்கிறாள். படங்கள் அழகாக இருக்கின்றன. ஆனால் ‘கோஸி’ (இதமானது), ‘சைக்காலஜிக்கல் ஹாரர்’ (மனத்தை மிரட்டும் திகில்) என்று இரண்டு முத்திரையும் இருக்கிறது. வாங்கித் தரலாமா?

பதில்: இப்போது வேண்டாம், சகோதரி. புது வீட்டில் அவள் நிம்மதியாகத் தூங்க ஆரம்பித்தபின் யோசிக்கலாம்.

‘அன்பேக்கிங்’ ஆஸ்திரேலியாவின் விட்ச் பீம் நிறுவனம் உருவாக்கி 2021இல் வந்த கேம். 1997 முதல் 2018 வரை ஒரு பெண் எட்டு முறை குடிபோகிறாள். அவள் பெட்டிகளைப் பிரித்து நாம் அடுக்குகிறோம். பேயும் இல்லை, அவசரமும் இல்லை. ஆனாலும் 2010இல், காதலன் வீட்டில், அவளுடைய பட்டச் சான்றிதழை மாட்டச் சுவரில் இடமே கிடைக்காது. கட்டிலுக்கு அடியில்தான் தள்ள வேண்டும். ஒரு வார்த்தை பேசாமல் மனத்தைப் பிசைகிற இடம் அது. சாமான் எங்கே இருக்கிறது என்பதே அங்கே கதை.

திகில் சேர்ந்த கேமும் இதே வித்தையைத்தான் கையில் எடுக்கிறது, வேறு காரியத்துக்கு. அடுக்கி முடித்த அலமாரியில் ஒரு கோப்பை இடம் மாறியிருக்கும். யாருடையது என்றே தெரியாத பொம்மை ஒன்று பெட்டிக்குள் கிடக்கும். இசை நின்றுபோய் டேப் ஒட்டும் சத்தம் மட்டும் கேட்கும். திடீரென்று ஒரு முகம் பாய்ந்தால் பிள்ளை அலறிவிட்டு அடுத்த நிமிடம் சிரித்துவிடும். இந்தப் பயம் அப்படிப் போகாது. சொந்த வீட்டின் மேலேயே சந்தேகத்தைக் கிளப்பிவிடும். உளவியல் அறிஞர் ஃபிராய்ட் 1919இல் இந்த உணர்வைப் பற்றி எழுதிய கட்டுரையின் தலைப்பாக இருக்கும் ஜெர்மன் சொல்லுக்குள்ளேயே ‘வீடு’ இருக்கிறது.

உங்கள் மகளோ நிஜமாகவே வீட்டைக் காலி செய்யப் போகிறாள். நானும் ஒன்பது வயதில் தோட்டத்தைவிட்டு வந்தவன். விளக்குப் புகை படிந்த சுவரில், சாமிப் படத்தைக் கழற்றிய இடம் மட்டும் வெள்ளையாகச் சதுரமாகத் தெரிந்தது. காலி அறையில் அம்மா கூப்பிட்ட குரல் வேறு யாருடைய குரல் போலவோ எதிரொலித்தது. அன்றிரவு முழுக்க அம்மாவின் முந்தானையை விடவில்லை. அந்த நேரத்தில் இப்படியொரு கேமும் கையில் இருந்திருந்தால் எனக்குத் தூக்கமே வந்திருக்காது.

பிறகு வாங்க நினைத்தால், முதலில் நீங்கள் விளையாடிப் பாருங்கள். ஸ்டீமில் வாங்கிய 14 நாளுக்குள், விளையாடிய நேரம் 2 மணி நேரத்துக்குள் இருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். இந்த வகைக் கேம்கள் தொடக்கத்தில் பூனைக்குட்டி மாதிரி சாதுவாக இருக்கும். 2017இல் வந்த ‘டோக்கி டோக்கி லிட்டரேச்சர் கிளப்’ அப்படித்தான்: பார்க்கப் பள்ளிக்கூடக் காதல் கதை, கொடூரம் வெகுநேரம் கழித்துத்தான் வரும். பிள்ளைகளுக்கு ஏற்றதல்ல என்று தொடங்கும்போதே எச்சரிப்பது அதன் நல்ல குணம். அதனால் யாராவது முழுக்க விளையாடிப் போட்ட வீடியோவை யூடியூப்பில் தேடி, கடைசி அரை மணி நேரத்தைப் பாருங்கள். ஸ்டீம் பக்கத்தில் தயாரிப்பாளரே எழுதும் உள்ளடக்கக் குறிப்பையும் படியுங்கள். தற்கொலை, வீட்டு வன்முறை மாதிரி விஷயங்கள் இருந்தால் பெரும்பாலும் அங்கே தெரிந்துவிடும். அப்புறம், ஸ்டீம் கணக்கு 13 வயது நிரம்பியவர்களுக்குத்தான். கணக்கும் பாஸ்வேர்டும் உங்களிடமே இருக்கட்டும்.

இந்த மாதத்துக்கு அவளுக்கு நிஜப் பெட்டியே கொடுங்கள். கடையில் ஒரு காலி மைலோ பெட்டி கேட்டால் தருவார்கள். தன் சாமான்களை அவளே அடுக்கி, அவளே டேப் ஒட்டி, மேலே பெயர் எழுதட்டும். லாரியில் அந்தப் பெட்டியைக் கடைசியாக ஏற்றச் சொல்லுங்கள். அப்போதுதான் புது வீட்டில் அது முதலில் இறங்கும்.