வாசகர் கேள்வி: ரிக்வூட்டில் எதைப் பார்ப்பது?

கேள்வி: என் மகள் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், பேர்மிங்ஹாம் நகரில் வசிக்கிறாள். வரும் ஜூன் மாதம் நானும் மனைவியும் அங்கு செல்கிறோம். ரிக்வூட் பீல்ட் என்ற பழைய பேஸ்போல் மைதானத்தைக் காட்டுவதாக மருமகன் சொல்கிறார். இலங்கை மலையகத்தின் தரவளை மைதானத்தில் கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவன் நான், பேஸ்போல் தெரியாது. அங்கே எனக்குப் பார்க்க என்ன இருக்கிறது?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், டிக்கோயா

பதில்: தரவளையை அறிந்தவருக்கு ரிக்வூட்டைப் புரிந்துகொள்ள பேஸ்போல் அதிகம் தேவைப்படாது. இங்கே மைதானத்தின் பின்னணியில் தேயிலை என்றால் அங்கே இரும்பு. இரும்பு உற்பத்தித் தொழிலில் செல்வம் சேர்த்த குடும்பத்தைச் சேர்ந்த ரிக் வுட்வர்ட் கட்டிய அந்த மைதானம் 1910 ஓகஸ்ட் 18ஆம் திகதி திறக்கப்பட்டது. தொழில்முறை பேஸ்போலுக்காக அமைக்கப்பட்டு இன்றும் நிற்கும் மைதானங்களுள் அமெரிக்காவில் அதுவே மிகப் பழையது.

அதில் இரண்டு அணிகள் விளையாடின. பேரன்ஸ் வெள்ளையருக்கு; பிளாக் பேரன்ஸ் கறுப்பினத்தவருக்கு. சுரங்கங்களிலும் உருக்கு ஆலைகளிலும் உழைத்தவர்களின் தொழிற்சாலை அணிகளிலிருந்தே அந்நகரின் கறுப்பின ஆட்டக்காரர் பலர் உருவானார்கள். புகழ்பெற்ற பேஸ்போல் வீரர் வில்லி மேஸின் தந்தையும் ஆலைத் தொழிலாளியாக இருந்து ஆலை அணிக்கு விளையாடியவரே. மகன் 1948இல், பள்ளிப் படிப்பு முடியுமுன், 17 வயதில் பிளாக் பேரன்ஸில் ஆடினார். (மலையகத் தமிழரான நம்மவர்களின் குடியுரிமையைப் பறித்த சட்டம் வந்ததும் அதே ஆண்டில் என்பதை ஆசிரியரான உங்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை.) கறுப்பினத்தவரும் வெள்ளையரும் சேர்ந்து சீட்டுக்கூட ஆடக்கூடாதென்று அந்நகரச் சட்டம் தடுத்திருந்த காலம் அது.

ஆகவே, உள்ளே போனதும் நேராக வலப்புற வெளிக்களத்தின் (பந்தை அடிப்பவர் பார்வையில் வலப்பக்கம்) பக்கம் நடந்து செல்லுங்கள். பேரன்ஸ் ஆடும் நாட்களில் கறுப்பினத்தவர் தனியே அமர்த்தப்பட்ட இடம் அந்தப் பக்கத்தில்தான் இருந்தது. தேயிலைத் தோட்டத் துரைமார் கிளப்பின் ஆட்டத்தை எல்லைக்கு வெளியே நின்று பார்த்தவர்களின் பேரன் என்றால், அங்கே நிற்கும்போது விளக்கம் கேட்கத் தோன்றாது. வெளிக்களச் சுவரில் உள்ள பழைய பாணி விளம்பரங்களை மட்டும் நூறாண்டுப் பழையவை என்று நம்பிவிடாதீர்கள். பழமைத் தோற்றத்திற்காகப் பின்னாளில் வரையப்பட்டவை அவை.

2024 ஜூன் 20 அன்று மேஸைக் கௌரவிக்கும் வகையில் அமெரிக்காவின் முதல்தர பேஸ்போல் லீக் ஆட்டமொன்று அங்கு நடைபெற்றது. இரண்டு நாட்களுக்கு முன்னர்தான் அவர் தமது 93ஆவது வயதில் காலமாகியிருந்தார்.

கேள்வி: ஆட்டம் நடந்தால் எப்படிப் பின்தொடர்வது? (அதே வாசகர்)

பதில்: அணிக்கு ஒன்பது பேர், ஒன்பது இன்னிங்ஸ், ஒவ்வொன்றிலும் மூவர் ஆட்டமிழந்தால் முறை மாறும். பந்து நிலத்தில் குத்தி எழாமல் நேரே வரும். அலபாமாவின் ஜூன் வெயில் கடுமையானது. கம்பளிச் சட்டையை டிக்கோயாவிலேயே விட்டுச் செல்லுங்கள்.