வாய்க்கு வாய் போகிற பெயர்: கேள்வி பதில்

கடைப் பெயர், பொருளின் பெயர், சுவரில் எழுதும் வாசகம் பற்றி தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கமிருந்து வந்த கேள்விகள் இவை. லேபிளும் பெயர்ப் பலகையும் எழுதித் தருவது என் தொழில். அதில் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

பாலக்கோடு, மகளிர் குழு: சாமை முறுக்கு விற்கிறோம் அண்ணா. ‘ஸ்ரீ அன்னை பாரம்பரிய இயற்கைச் சிறுதானிய உணவுப் பொருட்கள்’ என்று பெயர். வாங்கியவர்கள்கூட மறந்துவிடுகிறார்கள்.

ஏழு சொல் இருக்கிறது அக்கா. மனம் ஒரே நேரத்தில் பிடித்து வைத்துக்கொள்வது நான்கு துண்டுத் தகவல் அளவுக்குத்தான் என்று உளவியலாளர் நெல்சன் கவன் 2001-இல் எழுதினார். நீளத்தை மட்டும் குறைத்தால் போதாது. பாரம்பரியம், இயற்கை எல்லாம் எல்லா பாக்கெட்டிலும் இருக்கிற சொற்கள், படித்தால் மனதில் ஒன்றும் தோன்றாது. முறுக்கைத் தின்றவர் பக்கத்தில் இருப்பவரிடம் என்ன சொல்கிறார் என்று காது கொடுத்துக் கேளுங்கள். ‘எங்க ஆயா சுட்ட மாதிரியே இருக்கு’ என்றால் அங்கேயே பெயர் வந்துவிட்டது: ஆயா சாமை முறுக்கு. மற்ற விவரமெல்லாம் பாக்கெட்டின் பின்பக்கம் போகட்டும்.

கிருஷ்ணகிரி, மாம்பழக்கூழ் ஆலை: புதிதாக ஜூஸ் பாட்டில் கொண்டுவருகிறோம். ‘கிருஷ்ணகிரி மேங்கோ’ என்று வைக்கலாமா?

வேண்டாம். ஊரையும் பொருளையும் மட்டும் சொல்கிற பெயருக்கு, 1999-ஆம் ஆண்டின் வணிகக்குறி (டிரேட்மார்க்) சட்டப்படி பதிவு கிடைப்பது கடினம். நீண்ட காலம் புழங்கி, உங்களுடையது என்றே மக்கள் அறிந்திருந்தால் வேறு கதை. பதிவு கிடைத்தாலும் 10 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அதைவிட, பெங்களூரா மாம்பழத்தில் கூழ் எடுக்கிற ஆலைகள் இத்தனை உள்ள ஊரில் உங்களை எப்படித் தனியாகச் சொல்வது? 1969-இல் கர்சன்பாய் படேல் தன் சலவைத்தூளுக்கு மகள் நிருபமாவின் பெயரை ஒட்டி ‘நிர்மா’ என்று வைத்தார். அந்தக் கதை தெரியாதவர்கள் வாயிலும் அது நின்றது, அவ்வளவு சின்ன ஒலி. கதை தெரிந்தவர்களுக்குப் பாசமும் சேர்ந்துகொண்டது. உங்கள் தோப்பில் வேலை செய்பவர்கள் மரங்களுக்குப் பட்டப்பெயர் ஏதாவது வைத்திருந்தால், முதலில் அதில் தேடுங்கள்.

தருமபுரி, டீக்கடை: இங்கிலீஷ் பெயர் வைத்தால்தான் மதிப்பா?

இல்லை தம்பி. பேருந்து நிலையச் சத்தத்தில் நின்று போனில் ஒருமுறை சொல்லுங்கள். அந்தப் பக்கம் இருப்பவர் ‘என்ன?’ என்று கேட்காவிட்டால் எந்த மொழிப் பெயரும் சரி.

பென்னாகரம், ஆசிரியை: ‘குழந்தைத் திருமணம் சட்டப்படி தண்டனைக்குரிய குற்றம்’ என்று பள்ளிச் சுவரில் எழுதியிருக்கிறோம். யாரும் நின்று படிப்பதில்லை.

டீச்சர், உங்கள் கேள்விதான் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992-இல் சேலத்தில் தொடங்கி, 2001-இல் நம் தருமபுரிக்கும் வந்த அரசுத் திட்டத்தின் பெயரைப் பாருங்கள்: தொட்டில் குழந்தை திட்டம். அந்தத் திட்டத்தின்மேல் விமர்சனம் உண்டு, நான் பெயரை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அதில் குற்றம் என்ற பேச்சே இல்லை. பயந்துபோன ஒரு தாய்க்கு, குழந்தையை அரசு வைத்த தொட்டிலில் விட்டுவிடலாம் என்று வழி காட்டுகிறது, திட்டவில்லை. எழுதப் படிக்கத் தெரியாதவரும் ஒருமுறை கேட்டால் மறக்கமாட்டார்.

உங்கள் வாசகம் மிரட்டுகிறது, ஆனால் அடுத்து என்ன செய்வது என்று சொல்லவில்லை. மிரட்டலை மட்டும் பார்த்தால் மனிதர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். முடிவெடுப்பது பெரும்பாலும் அப்பா. அதனால் மகளே அவரிடம் பேசட்டும்: ‘பத்து முடிச்சிட்டேன், பதினொன்னு படிக்கிறேன்பா.’ மோனை தானாக அமைந்துவிடுகிறது, பிள்ளைகள் பாட்டாகவே சொல்வார்கள். கீழே 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணைப் பெரிதாக எழுதுங்கள். சட்டம் வேண்டாம் என்று சொல்லவில்லை. பெண்ணுக்கு 18 வயது என்ற வரி சின்ன எழுத்தில் இருக்கட்டும்.

ஓசூர், காய்கறி வண்டி: ‘எங்க வயல் தக்காளி’ என்று பலகை வைத்த பிறகு வியாபாரம் நன்றாக இருக்கிறது. ஆனால் பாதி, ராயக்கோட்டை மண்டியில் வாங்குவது. இது தப்பா அண்ணா?

தப்புதான். அந்த ‘எங்க’ என்ற சொல்லை நம்பித்தான் வாங்குகிறார்கள். உண்மை தெரிந்த அன்று அதே சொல்லைச் சொல்லித்தான் திட்டுவார்கள், அதுவும் தெரு முழுக்கப் பரவும். மண்டிச் சரக்கைத் தனிக் கூடையில் வைத்து ‘ராயக்கோட்டை தக்காளி’ என்று எழுதுங்கள். ஓசூரில் அந்தப் பெயருக்கும் மதிப்பு உண்டு.